பிசுபிசுத்த டேஷ்போர்டும் இரண்டு முறை அடித்த பெயிண்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2007-ஆம் ஆண்டில் வாங்கிய எங்கள் சிறிய பெட்ரோல் கார், திருச்சியில் பதினைந்து ஆண்டுகள் வெட்டவெளியிலேயே நின்று பழகியது. வாசலில் கார் நிறுத்த இடமில்லாததால் எதிர்ச்சாரியில், மேற்குப் பார்த்துத்தான் எப்போதும் நிறுத்துவோம். அதனால் பிற்பகல் வெயில் முழுவதையும் முன்கண்ணாடி வழியே டேஷ்போர்டுதான் வாங்கிக்கொண்டது. 2022-இல் அதன் நிலை இதுதான்: மேற்பலகை கருமை போய்ச் சாம்பல் பூத்திருந்தது. கண்ணாடியை ஒட்டிய காற்றுத் துளைகளின் ஓரத்தில் சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஏசி குமிழ்களையும் ஸ்டீரியோவையும் சுற்றியுள்ள நடுச்சட்டமோ, பழுத்த பலாச்சுளையைத் தொட்டதுபோல் விரலில் ஒட்டியது. எஞ்சினில் குறையில்லாத வண்டியை உள்ளே உட்கார அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக விற்க மனம் வரவில்லை. வீட்டிலேயே டேஷ்போர்டைப் புதுப்பிக்க முடிவு செய்தேன். முதல் முயற்சி முற்றிலும் தோற்றது. ஏழு மாதம் கழித்துச் செய்த இரண்டாவது முயற்சி தேறியது. இரண்டிலும் பெயிண்ட் அடித்த கை ஒன்றுதான். அடிப்பதற்கு முன் என்ன செய்தேன் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

ஒரே டேஷ்போர்டில் இரண்டு நோய்கள்

மேற்பலகையின் வெளுப்பையும் நடுச்சட்டத்தின் பிசுபிசுப்பையும் ஒரே வெயிலின் விளைவு என்று எண்ணியதுதான் முதல் பிழை. வெளுப்பு என்பது பிளாஸ்டிக்கின் மேல்தோல் ஒளியாலும் வெப்பத்தாலும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிதைவது. சங்கிலிபோன்ற நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டு, உள்ளே கலந்திருந்த தாதுத்தூள் வெளியே தெரியத் தொடங்கும்போது கறுப்பு சாம்பலாகிறது. அடுக்குக் கண்ணாடியான முன்கண்ணாடி புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்றாலும், வெப்பத்தை அது தடுப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. அதே நேரத்தில் காருக்குள் இருந்த காற்றின் சூடு 47 டிகிரிதான். கத்திரி வெயிலில் திருச்சியில் நின்ற எங்கள் வண்டியும் அதற்கு அதிகம் பின்தங்கியிருக்காது.

பிசுபிசுப்பு வேறு கதை. தொட்டால் ரப்பர்போல் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக நடுச்சட்டத்தின் மேல் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றை ஏற்றியிருந்தார்கள். இவ்வகைப் பூச்சுகள் பலவற்றில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. திடமாக இருந்த பூச்சு பிசினாகிவிடும். இது அழுக்கு அல்ல என்பதால் எத்தனை முறை துடைத்தாலும் போகாது. அம்மா ஒரு கோடையில் முகப்பவுடரைத் தூவிப் பார்த்தார். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது, பிறகு அது வெள்ளைச் சேறாகக் குமிழ்களின் இடுக்கில் இறுகிக்கொண்டது. சிதைந்துபோன பூச்சை முழுவதுமாக எடுத்துவிடுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

இவ்விரண்டுக்கும் மேலே எங்கள் கைங்கரியம் ஒன்றும் இருந்தது. முதல் சில ஆண்டுகள் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மேற்பலகையைத் துடைத்தோம். பளபளப்பு வந்தது, அதோடு புழுதியும் ஒட்டிக்கொண்டது, வெயிலில் எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் வண்டியைக் கழுவியவர்கள் சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷைத் தாராளமாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பளபளப்புக்கு நன்றி சொல்லி டிப்ஸும் கொடுத்திருக்கிறேன்.

ஆடியில் தொடங்கிய முதல் முயற்சி

எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் பெயிண்ட் வாங்கக் கூடாது என்பது அப்போதே எனக்குத் தெரியும். அதற்காக மேற்பலகையின் மறைவான ஓரத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து, தண்ணீர் நிரம்பிய டம்ளரில் போட்டேன். கார்களின் உட்புறத்தில் அதிகம் பயன்படும் பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.9 என்பதால் அது மிதக்கும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.04-க்கு மேல் இருப்பதால் அது மூழ்கும். என் சீவல் நேராக அடியில் போய் உட்கார்ந்தது. ஏபிஎஸ்தான் என்று முடிவு கட்டி, கடையில் கிடைத்த சாதாரண பிரைமரையும் கறுப்பு ஸ்ப்ரே கேன்களையும் வாங்கி வந்தேன்.

டேஷ்போர்டைக் கழற்றவில்லை. மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் கொண்டு கண்ணாடியையும் இருக்கைகளையும் மூடிவிட்டு, 400-ஆம் எண் உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்தேன். அதன் பிறகே சோப்புத் தண்ணீரால் கழுவினேன். இந்த வரிசைதான் பெரிய தவறு. தேய்க்கும்போது, மேலே படிந்திருந்த சிலிக்கான் புதிதாக விழுந்த கீறல்களுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு சோப்பால் அதைத் தொட முடியாது. கதவுகளைத் திறந்து வைத்து பிரைமர் அடித்த சில நொடிகளில், ஈரமான பூச்சு ஆங்காங்கே விலகி, நடுவில் வெறும் பிளாஸ்டிக் தெரியும் சிறு வட்டங்களாகத் திறந்துகொண்டது. பெயிண்ட்டர்கள் இதை மீன்கண் என்பார்கள். சிலிக்கான் எண்ணெயின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லிநியூட்டன்தான். அதைவிட அதிக இழுவிசை கொண்ட பெயிண்ட், தாமரை இலைத் தண்ணீர்போல அதன் மேல் பரவாமல் ஒதுங்கிக்கொள்கிறது. மேலும் ஒரு கோட் அடித்து மூடினேன். வட்டங்கள் கொஞ்சம் பெரிதாயின.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திறந்திருந்த கதவு வழியே வந்த புழுதிக்குக் கேட்கவா வேண்டும். ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பாக, ஒழுங்காகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து, இருக்கையை நகர்த்தும்போது சாவிக்கொத்து உரசிய இடத்தில் பெயிண்ட் பாலாடைபோல் எழுந்து நின்றது. அதை நகத்தால் இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக் சுத்தமாக இருந்தது. பிரைமரின் சுவடுகூட இல்லை.

வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றில் அந்தத் தோலைக் காட்டினேன். அங்கிருந்த மூத்த பெயிண்ட்டர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது பெயிண்ட்டோட கோளாறு இல்ல. கழட்டிப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

பின்புறத்தில் எழுதியிருந்தது

கழற்றுவதை நான் ஒத்திப்போட்டதற்குக் காரணம் பயம்தான். செய்து பார்த்தபோது அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக முடிந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்டீரியோ, நடுச்சட்டம், மீட்டர் பெட்டி, மேற்பலகை என்ற வரிசையில் பிரித்தேன். வெவ்வேறு நீளமுள்ள ஸ்க்ரூக்கள் கலந்துவிடாமல் இருக்க முப்பது குழியுள்ள ஒரு முட்டை அட்டையை வைத்துக்கொண்டு, குழிக்கு ஓர் இடம் என்று ஒதுக்கி எண் எழுதினேன். ஒயர் சாக்கெட்டுகளைப் பிரிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் வண்டியில் காற்றுப்பை கிடையாது; இந்தியாவில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையே 2019 ஜூலை முதல்தான் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. காற்றுப்பை உள்ள வண்டியில் இவ்வேலையை வீட்டில் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பையை மூடியிருக்கும் பகுதி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்தது. அதன் மேல் பட்டியோ தடித்த பெயிண்ட்டோ ஏறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மேற்பலகையைக் கவிழ்த்ததும் விடை கிடைத்தது. பிளாஸ்டிக் பாகங்களின் வகையைக் குறிக்க ஐஎஸ்ஓ 11469 என்ற தரமுறை இருக்கிறது. அதன்படி இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ‘பிபி-டிடி20’ என்று அச்சு வார்த்திருந்தார்கள். அதாவது, 20 விழுக்காடு டால்க் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன். கனமான அந்தக் கல்தூள் கலந்ததால் அடர்த்தி 1.04 அளவுக்கு ஏறி, மிதக்க வேண்டிய சீவல் டம்ளரின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. சோதனை பொய் சொல்லவில்லை; நான் அதைத் தவறாகப் படித்திருக்கிறேன். தண்ணீரில் கை நிறைய உப்பைக் கரைத்து அதே சீவலைப் போட்டிருந்தால் மேலே வந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கனம் குறைந்த ஏபிஎஸ்ஸும் அதில் மிதக்கும் என்பதால், அது ஒன்றையும் தீர்த்து வைத்திருக்காது. நடுச்சட்டத்தின் பின்புறத்தில் ‘ஏபிஎஸ்’ என்றே இருந்தது. ஆக, ஒரே டேஷ்போர்டில் இரண்டு பிளாஸ்டிக்குகள்.

பாலிப்ரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. மெழுகுபோல, தன் மேல் எதையும் பிடிக்க விடாது. பிடிப்பூக்கி என்று சொல்லத்தக்க, குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின் கலந்த ஒரு மெல்லிய திரவத்தை முதலில் அடித்தால்தான் அதன் மேல் பெயிண்ட் நிற்கும். பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் இதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். சாதாரணக் கடையில் பிரைமர் கேட்கும் வாடிக்கையாளருக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

மாசியில் இரண்டாவது முயற்சி

2023 பிப்ரவரியில், மாசி பிறந்ததும் மீண்டும் தொடங்கினேன். பனி விலகி, காற்று அடங்கி, வெப்பம் முப்பதை ஒட்டி நிற்கும் சில வாரங்கள் அவை. பழைய பெயிண்ட்டை எடுப்பது எளிதாக இருந்தது, ஏனென்றால் அது ஒட்டவே இல்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் அகல டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தபோதே பாதிக்கு மேல் வந்துவிட்டது; சொரசொரப்பான தடங்களுக்குள் மிஞ்சியதைத் தின்னர் நனைத்த துணியால் எடுத்தேன். பாலிப்ரொப்பிலீன் தின்னரைச் சற்று நேரம் தாங்கும். நடுச்சட்டத்தின் ஏபிஎஸ்ஸில் இதைச் செய்திருந்தால் தொட்ட இடமெல்லாம் இளகிப் பாழாகியிருக்கும்.

சிலிக்கானை எடுக்கும் வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். அது சிலிக்கானைச் சரியாகக் கரைக்காது, இங்கிருப்பதை அங்கே பரப்பிவிடும். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் பழைய பல் பிரஷும் கொண்டு தடங்களுக்குள் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பின், பெயிண்ட்டுக்குக் கலக்கும் டர்பன்டைனால் இரு துணி முறையில் துடைத்தேன். ஒரு துணியால் நனைத்து, திரவம் ஆவியாகும் முன்பே இன்னொரு காய்ந்த துணியால் அதை எடுத்துவிட வேண்டும். தானாக உலர விட்டால் கரைந்த எண்ணெய் திரும்ப அங்கேயே படிந்துவிடும். அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்த துண்டுகள் இருபதுக்கு மேல் செலவாயின. முதல் துண்டுகள் பழுப்பாக வந்தன. ஒவ்வொரு கைக்கும் புதிய துண்டு என்று வைத்துக்கொண்டு, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை நிறுத்தவில்லை. அதன் பிறகுதான் தேய்ப்பு. இம்முறை உப்புத்தாளைத் தொடவில்லை. அது தோல்போன்ற தடங்களின் முகடுகளைச் சீவிவிடும். சாம்பல் நிற நைலான் தேய்ப்பானைக் கொண்டு, பளபளப்பு மட்டும் சாகும்படி இலேசாகத் தேய்த்து, மறுபடியும் ஒருமுறை டர்பன்டைன் துடைப்பைச் செய்தேன்.

விரிசலுக்கு எபாக்ஸி பசை உதவாது. பெயிண்ட் ஒட்டாத பிளாஸ்டிக்கில் பசை மட்டும் எப்படி ஒட்டும்? விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனையிலும் 2 மில்லிமீட்டர் துளை போட்டேன். பலகையின் அடியில் யார் கண்ணுக்கும் படாத, விலா எலும்புபோல் ஓடும் ஒரு பிளாஸ்டிக் வரம்பிலிருந்து சிறு கீற்றுகளை அறுத்து எடுத்துக்கொண்டு, சால்டரிங் அயர்னால் பின்புறத்தில் ஒரு துண்டு எஃகு வலையை உருக்கிப் பதித்து, முன்புறத்தில் அந்தக் கீற்றுகளையே உருக்கி நிரப்பினேன். அதே பிளாஸ்டிக் என்பதால் அது பசையாக இல்லாமல் பற்றவைப்பாகவே அமைந்தது. நிரப்பிய இடம் வழவழப்பாகிவிட்டது. சூடான அயர்ன் நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, சுற்றியுள்ள சொரசொரப்பை ஒப்பேற்றினேன். உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

நடுச்சட்டத்துக்கு 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நன்றாக உதவியது. நனைத்த டிஷ்யூ தாளை மேலே போர்த்தி ஐந்து நிமிடம் விட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் வழித்தால் கரிய பிசின் சுருண்டு சுருண்டு வந்தது. அடியில் இருந்த ஏபிஎஸ் அடர்சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்ததால் அதற்குப் பெயிண்ட்டே தேவைப்படவில்லை. ஒரு விபத்து நேர்ந்தது. பின்கண்ணாடி சூடேற்றும் பொத்தானையும் அதே வேகத்தில் துடைத்துவிட்டேன். ஒளிரும் பொத்தான்களில் வெள்ளை பிளாஸ்டிக்கின் மேல் கறுப்புப் பூச்சு ஏற்றி, அதில் லேசரால் குறியைச் செதுக்கியிருப்பார்கள். பூச்சு போனால் குறியும் போய்விடும். அந்தப் பொத்தான் இப்போது இரவில் முழு நிலவாக எரிகிறது. மீட்டர் பெட்டியின் கண்ணாடி அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹால் பட்டு நுண்விரிசல் விடும் என்பதால், அதை மட்டும் வேறு அறையில் வைத்திருந்தேன்.

பிடிப்பூக்கி உண்மையிலேயே பிடிக்கிறதா என்பதை முதலில் பலகையின் அடிப்புறத்தில் சோதித்தேன். அங்கே பிடிப்பூக்கியும் நெகிழ்தன்மை கொண்ட கறுப்பு மேட் பெயிண்ட்டும் அடித்து மூன்று நாள் காயவிட்டு, பிளேடால் நெடுக்காக ஆறு, குறுக்காக ஆறு கீறல்கள் போட்டுச் சிறு கட்டங்களாக்கி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். ஒரு கட்டத்தின் மூலை மட்டும் பெயர்ந்தது. பக்கத்தில், பிடிப்பூக்கி இல்லாமல் வேண்டுமென்றே அடித்து வைத்திருந்த பட்டை டேப்போடு முழுவதுமாக வந்துவிட்டது. இந்தச் சோதனையை ஆடியிலேயே செய்திருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மேட்டா, அரைப்பளபளப்பா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு அட்டைகளில் இரண்டையும் அடித்து, பகலில் மீண்டும் மேற்பலகை இருக்கும் இடத்தில் வைத்து ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தோம். சாய்ந்த முன்கண்ணாடியில் அரைப்பளபளப்பு அட்டையின் வெளிறிய பிம்பம் சாலையின் மேல் திரைபோல் படிந்தது. மேட் அட்டை கண்ணுக்கே தெரியவில்லை. விவாதம் அத்துடன் முடிந்தது.

பெயிண்ட் அடித்தது மொட்டை மாடியின் தகரக் கொட்டகையில். நான்கு பக்கமும் கொசுவலை கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, ஆவி வெளியேற வலையின் மேற்பகுதியைத் திறந்துவிட்டு, ஆவி வடிகட்டும் முகமூடியோடு காலை எட்டு மணிக்கு நின்றேன். ஹார்டனர் கலக்கும் இரட்டைப் பெயிண்ட் அதிக நாள் உழைக்கும் என்றாலும், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு என்பதால் வீட்டில் அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிடிப்பூக்கி ஒரு மெல்லிய கோட். டப்பாவில் குறித்திருந்த நேரத்துக்குள் கறுப்பு நான்கு கோட். ஒவ்வொன்றும் பலகைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தூரத்தில், பத்து நிமிட இடைவெளியில் அடித்தேன். முதல் கோட் மூடாமல் தூவியதுபோல் இருந்தபோது மனம் பதறத்தான் செய்தது. மூன்றாவதில் எல்லாம் சமமானது. மீன்கண் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, முட்டை அட்டையை எதிர்த்திசையில் படித்தபடி பூட்டினேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. அதன் குழியில் எண் இல்லை.

இரண்டு கோடைக்குப் பின்

2023, 2024 என இரண்டு கத்திரியை அந்தப் பெயிண்ட் பார்த்துவிட்டது. மேற்பலகை வெளுக்கவில்லை, உரியவில்லை, விரிசல் திறக்கவில்லை. டேஷ்போர்டு பெட்டியின் மூடி விளிம்பில், கை தொடும் இடத்தில் இலேசான தேய்வு இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ‘டேஷ்போர்டுக்குப் பாலிஷ் வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி ஸ்டீரிங்கில் ஒட்டிவிடுகிறேன்.

குறை ஒன்று உண்டு. கைப்பேசி வைக்கும் உறிஞ்சுப் பிடிப்பானை 2024 மே மாதம் வெயிலில் அப்படியே விட்டுவிட்டு, மாலையில் இழுத்தபோது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம் அதோடு வந்துவிட்டது. அடியில் பார்த்தால் ஆடி மாதத்தில் கண்ட அதே சுத்தமான சாம்பல் பிளாஸ்டிக். அந்த இடம் காற்றுத் துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள குறுகிய பள்ளம்; வேட்டித் துண்டை விரலில் சுற்றி அங்கே நுழைக்க முடியாமல், போகட்டும் என்று ஒரே ஒரு துடைப்போடு விட்ட இடம். அந்த வட்டத்தை மட்டும் மறுபடி செய்யப் பிடிப்பூக்கி டப்பாவில் இன்னும் மீதம் இருக்கிறது. இப்போதைக்கு அதன் மேலேயே பிடிப்பானை ஒட்டி வைத்திருக்கிறேன்.